தானா ஓடுற காரும் பெனிட்டோ அண்ணாச்சியும்

வியாசர்பாடி குடியிருப்பு, இரண்டாவது மாடி. காலை பதினொன்றே கால். ராயபுரத்தில் மொத்த வியாபாரம் செய்யும் பெனிட்டோ அண்ணாச்சிக்குப் பதினோரு வருடம் கார் ஓட்டியவர் செங்குட்டுவன். அண்ணாச்சி வாங்கிய புதுக் கார் பாதி வேலையைத் தானே செய்துகொள்ளும். முன்னால் போகும் வண்டியைப் பார்த்து வேகத்தைக் கூட்டும், குறைக்கும், கோட்டுக்குள் ஓடும், ஆபத்து என்றால் தானே பிரேக் போடும். மீதிப் பாதியைத் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அவர் டிரைவரை அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு இது பத்தாவது நாள். போனில் செங்குட்டுவன் பேசியது மட்டும் கீழே.

அலோ... ஆங், செங்குட்டுவன் தான். யாரு? ...அண்ணாச்சியா! இன்னா அண்ணாச்சி, கை தவறி நம்ம நம்பர அமுக்கிட்டீங்களா? ...இல்லியா? என்கிட்டதான் பேசணுமா? ...சரி, பேசுங்க பேசுங்க. வெங்காயம் உரிச்சிகினு இருந்தேன், அதான் மூக்க உறிஞ்சறேன். அழுவலாம் இல்ல. பத்து நாளா வூட்ல குந்திகினு கீறேன்ல, என் பொஞ்சாதி ரமாபாய் சொம்மா வுடுவாளா...

ஆங்... ஆமா... ஆமா... இருங்க, இருங்க. ஒன்னொன்னா சொல்லுங்க. எங்க கீறீங்க? ...காட்டுப்பள்ளி ஹார்பர் போற ரோட்லயா? வள்ளூர் தாண்டிட்டீங்களா? ...யாரு ஓட்டிகினு வந்தது? ...நீங்களா! ...ஓ, வண்டியா. ம். அப்ப வண்டியாண்டயே கேளுங்களேன் அண்ணாச்சி, என்னிய எதுக்கு... சரி சரி சரி, கத்தாதீங்க! நீங்க போடற 'ஏலே' பக்கத்து வூடு வரிக்கும் கேக்குது.

அங்க இன்னா வேல உங்களுக்கு? ...இன்னாது? ...யாரு, நம்ம பெனிஷா பாப்பாவா? ...கப்பல் காத்தாலதான் வந்து கட்னாங்களா? அட, அத்த மொதல்ல சொல்ல மாட்டீங்களா! ஏய் ரமா, அண்ணாச்சி பொண்ணு கப்பலு காட்டுப்பள்ளில வந்து நிக்குதாம்மே! ...ஆமா, அதான், மூணாவது ஆபீசரு. ...எட்டு மாசம் ஆச்சு இல்ல? ...ஒம்போதா. ம்... அக்காவும் கூட கீறாங்களா? பின்ன, பெத்த அம்மா இல்லாமியா.

எத்தினி மணிக்கு எறங்கும்? ...பன்னெண்டுலேர்ந்து ஒண்ணு வரிக்கும் தானா? ஒரு மணி நேரம் தான் பர்மிசனா? அதுக்கு மேல கேட்டுக்கு வெளிய நிக்க வுட மாட்டாங்களா? ...சாய்ந்திரமே கப்பலு கெளம்புதா. ...இப்ப மணி இன்னா? ரமா, மணி பாரு... பதினொன்னு இருவது. அங்கேர்ந்து பதினஞ்சு, இருவது நிமிசம் ஓட்டம் அண்ணாச்சி. தாராளமா போயிடலாம். அப்பறம் இன்னா பேஜாரு?

நின்னுகினு கீதா? வண்டியா? எவ்ளோ நேரமா? ...முப்பத்தஞ்சு நிமிசமா! முன்னாடி இன்னா நிக்குது? ...ட்ரெய்லரு. கண்டெய்னர் ஏத்தினது. சரி. அது நகரவே இல்லியா? ...ம். வண்டி ஸ்கிரீன்ல இன்னா காட்டுது? ...முன்னாடி ஒரு லாரி படம், பச்ச கலர்ல. அப்ப அது அந்த லாரிய புடிச்சி வெச்சிகினு கீது. சரி, வலது பக்கம் பாருங்க. அங்க வண்டிங்க போவுதா? ...சர்ரு சர்ருன்னு போவுதா? ...எல்லாம் போவுது, உங்க முன்னாடி கீற ட்ரெய்லரு மட்டும் போவல.

அண்ணாச்சி, எனக்கு ஒரு டவுட்டு. கண்ணாடிய எறக்கி, தலைய வெளிய நீட்டி, அந்த ட்ரெய்லரு டிரைவர் இன்னா பண்றாருன்னு பாத்து சொல்லுங்க. ...கேபின்ல ஆளு இல்லியா. ...வண்டிக்கு கீய குந்திகினு கீறாரா? ...ஸ்டவ்வா? ...இன்னாது, தக்காளி நறுக்கறாரா!

ஹா... ஹஹா... அய்யோ... இருங்க அண்ணாச்சி, சிரிக்கல, பொறயேறிக்கிச்சு. ரமா, தண்ணி குடு. ...அண்ணாச்சி, அது டிராபிக் இல்ல. அது பார்க்கிங்! போர்ட்டுக்குள்ள போறதுக்கு டோக்கன் போட்டுகினு வரிசையா நிக்கிற வண்டி. சாய்ந்திரம் வரிக்கும் அது ஒரு சாண் நகராது. நீங்க இன்னா பண்ணிகீறீங்கன்னா, கியூவுல போயி நின்னுகீறீங்க. தல மேல கண்டெய்னரு தான் ஏத்தல.

...அத்த ஏன் திட்றீங்க? அது மேல ஒரு தப்பும் இல்ல. முன்னாடி போறவன் முதுக புடிச்சிகினு போன்னு நீங்க சொன்னீங்க, அது போச்சு. அங்க ரோட்டு மேல கோடு எங்க கீது? பவர் ஹவுசு சாம்பல் லாரி போயி போயி எல்லாத்தையும் மூடி வெச்சிகீது. கோடு தெரியலன்னா அதுக்கு லாரி முதுகு தான் கதி. அவன் ஓரங்கட்னான், இதுவும் ஓரங்கட்டுச்சு. அவன் சோறு வடிக்கப் போறான்னு அதுக்கு யாரு சொல்றது?

நீங்க அப்ப எத்த பாத்துகினு இருந்தீங்க? ...சொல்லுங்க, பரவால்ல. ...போனா? ...பாப்பா அனுப்புன போட்டோவா. ம்... சரி. அது கப்பல் மேல நின்னுகினு எடுத்ததா? ஆங், எனக்கும் அனுப்பிச்சு. ...இல்ல அண்ணாச்சி, கோவமா சொல்லல. ஆனா ரோட்ட பாக்காம போன பாத்தா அந்த கண்ணுக் கேமரா கத்துமே? ஸ்டீயரிங்குக்கு மேல ஒன்னு வெச்சிகீறானே, நம்ம கண்ணையே மொறச்சி பாத்துகினு கெடக்குமே. அது கத்தலியா? ...இன்னா ஒட்டி வெச்சிகீறீங்க? ...மாதா படமா! கேமரா மேலயா!

அண்ணாச்சி... மாதா உங்கள பாத்துக்குவாங்க, ஒத்துக்கறேன். ஆனா நீங்க தூங்கி வியுந்தா அவங்க 'பீப்'னு சத்தம் குடுக்க மாட்டாங்களே. படத்த எடுத்து டேஷ்போர்டுல வையுங்க. மொதல்ல அத்த செய்யுங்க.

செஞ்சாச்சா? சரி. இப்ப பின்னாடி பாருங்க. ரிவர்ஸ் எடுக்க எடம் கீதா? ...பின்னாடியும் ட்ரெய்லரா? ஒட்டிகினா? ...அவனும் தூங்கறானா. நல்லா மாட்னீங்க போங்க. முன்னாடி எவ்ளோ கேப்பு? ...ஒரு ஆட்டோ நிக்கலாமா? அது போதும். ரைட்ல ஃபுல்லா ஒடிச்சி மூக்க வெளிய நீட்டுங்க. அவசரமே இல்ல. கால பிரேக் மேலயே வெச்சிகினு, நத்த மாரி... ஆங்... ஆங்... வாங்க... இன்னா சத்தம் அது? ...அதுவே பிரேக் போட்டுச்சா? லாரி வந்துச்சா பக்கத்துல? அப்ப நல்லதுதானே செஞ்சிகீது. மறுபடி பாருங்க. ...மறுபடியுமா. ...இன்னொரு தபா. ...ஸ்டீயரிங் உள்ள இஸ்துச்சா? ரைட் இண்டிகேட்டர் போட்டீங்களா? ...போடலியா! ஏன் அண்ணாச்சி, பதினோரு வருசமா பின்னாடி குந்திகினு 'செங்கு, இண்டிகேட்டர், இண்டிகேட்டர்'னு என் உசுர வாங்கினீங்களே! இண்டிகேட்டர் போடாம லாரி முதுக வுட்டு வெலகுனா, நீங்க தூங்கிட்டீங்கன்னு நெனச்சிகினு அது உள்ள தள்ளும். போட்டீங்கன்னா, சரி முதலாளி தெரிஞ்சிதான் போறாருன்னு வுட்டுடும்.

...இன்னா அண்ணாச்சி, இண்டிகேட்டர் போட்டீங்களா? ...கை நடுங்குதா? ...சரி. சரி, வேணாம். பார்க்ல போடுங்க. கைய எடுத்துடுங்க. பாட்டில்ல தண்ணி கீதா? ரெண்டு மொடக்கு குடிங்க. ...இதுல வெக்கப்பட ஒன்னும் இல்ல. பக்கத்துல அம்பது டன்னு போச்சுன்னா எனக்கும் நடுங்கும். வெளிய காட்டாம இருக்கறதுக்கு தான் நாங்க பாட்டு போடறோம்.

நான் வரவா? இப்ப பைக்க எட்த்தேன்னா... மூலக்கட, மாதவரம், மணலி... எப்டி பறந்தாலும் பன்னெண்டர ஆயிடும். அப்பறம் அங்கேர்ந்து... பாப்பா ஒரு மணிக்கு உள்ள போயிடுமே. ...ம். ...இருங்க, யோசிக்கறேன்.

அக்கா இன்னாமோ சொல்றாங்களே? ...இன்னா சொல்றாங்க? ...'நான் ஓட்டறேன்'ன்றாங்களா.

...அண்ணாச்சி, சிரிக்காதீங்க. ...இல்ல, நான் மெய்யாத்தான் சொல்றேன், சிரிக்காதீங்க. அக்கா ஓட்டுவாங்க. ...எனக்கு எப்டி தெரியுமா? ...தெரியும். ...அது வந்து... அக்கா கேட்டுகினு கீறாங்களா? அக்கா, சொல்லிடவா? ...சொல்லிடுன்றாங்களா. சரி. அண்ணாச்சி, இன்னொரு மொடக்கு தண்ணி குடிச்சிக்கோங்க. நாலு மாசமா நான் தான் அக்காவுக்கு டிரைவிங் கத்துக்குடுத்தேன்.

...எப்பயா? காத்தால உங்கள குடோன்ல எறக்கி வுட்டுட்டு வருவேன்ல, அப்பதான். காசிமேட்டுல மீன் வாங்கப் போறோம்னு வூட்ல சொல்லிட்டு, நம்ம பழைய வண்டில. மொதல்ல கிரவுண்டு, அப்பறம் சந்து, அப்பறம் ஹை ரோடு. ...மீனா? மீனும் வாங்கணும்ல, பொய் சொல்லக் கூடாதே. 'இன்னா தங்கபுஷ்பம், நாலு மாசமா தெனம் மீன் கொழம்பாவே வெக்கிற'ன்னு நீங்க கேக்கல? அது இதுக்குத்தான். ...சுறா புட்டா? அது அக்கா மொத தபா ரிவர்ஸ் ஒயுங்கா எடுத்த அன்னிக்கு.

லைசென்சா? போன மாசமே வாங்கிட்டாங்க. ஒரே தபா. நீங்க எத்தினி தபா போனீங்கன்னு அக்காவே சொல்லிகீறாங்க... சரி சரி, அத்த வுடுங்க.

...ஏன் மறச்சோமா? அத்த அக்காவையே கேளுங்க. ...நானே சொல்லணுமா. ஒரு நாள் கார்ல வந்துகினே சொன்னாங்க அண்ணாச்சி. 'என் பொண்ணு கப்பலயே ஓட்டுது, நான் ராயபுரத்துலேர்ந்து திருவொத்தியூரு போறதுக்கு மூணு பேர கேக்க வேண்டிகீது'ன்னாங்க. உங்ககிட்ட கேட்டா, இந்த ட்ரெய்லரு ரோட்ல பொம்பள ஓட்றதான்னு நீங்க ஆரம்பிப்பீங்க. ஆரம்பிச்சா முடிக்க மாட்டீங்க. ...ஏ ரமா, இன்னா மொணமொணக்கற? ...இல்ல அண்ணாச்சி, இங்க ஒன்னும் இல்ல. நானே என் வேலைக்கு ஒல வெச்சிகினேனாம், அத்த சொல்லிகினு கீறா. இரும்மே, பொறுமையா அப்பால திட்டு.

மணி பதினொன்னு இருவத்தெட்டு. எறங்குங்க அண்ணாச்சி. இந்தப் பக்கமா எறங்காதீங்க! லாரி போவுது. உள்ளாரயே ஏறி மாறிக்குங்க. ...வயிறு இடிக்குதா? இடிக்கட்டும். ...அக்கா அந்தாண்ட வந்துட்டாங்களா? போன ஸ்பீக்கர்ல போடுங்க.

அக்கா, வணக்கம். சீட்ட முன்னாடி தள்ளுங்க, நீங்க குள்ளம். கண்ணாடி சரி பண்ணிட்டீங்களா? மூணும்? ...ஆங். பழைய வண்டி மாரி இது இல்லக்கா, கிளட்ச் கெடயாது, அது ஒன்னு தான். மிச்சதெல்லாம் நீங்க பாத்ததுதான். ...இன்னா ஆஃப் பண்ணணும்? ...எல்லாத்தையுமா? அண்ணாச்சியும் அதான் சொல்றாரா? 'அந்த சனியன் எல்லாத்தையும் ஆஃப் பண்ணு'ன்றாரா.

இல்ல. கேளுங்க. கோட்டுக்குள்ள இஸ்துகினு போவுமே, அது வேணாம், ஸ்டீயரிங்குல எடது கைப்பக்கம் ஸ்டீயரிங் படம் போட்ட பட்டன், அத்த அமுக்குங்க, போயிடும். தானா போற ஸ்பீடும் வேணாம், போடவே போடாதீங்க. ஆனா பிரேக்கு இருக்கட்டும். அத்த மட்டும் தொடாதீங்க. ...அண்ணாச்சி, நான் சொல்றேன்ல, அது இருக்கட்டும். ...மூணு தபா நிப்பாட்டிச்சின்னா மூணு தபா லாரி வந்துச்சின்னு அர்த்தம். ...இல்ல. இல்ல அண்ணாச்சி. கேளுங்க!

...எர்ணாவூராண்ட ஒரு நாளு டக்குன்னு நின்னுச்சே, ஞாபகம் கீதா? வண்டி வாங்கி மூணாவது வாரம். நீங்க பின்னாடி தூங்கிகினு இருந்தீங்க, முன் சீட்டுல முட்டிகினு எழுந்தீங்க. 'இன்னா செங்கு'ன்னீங்க. நாயின்னு சொன்னேன்ல. ...ஆங், அதான்.

நாயி இல்ல அண்ணாச்சி. ஆளு.

ஐஸ் பொட்டி கட்டுன சைக்கிள்ல ஒருத்தரு, குறுக்க வந்தாரு. நான் பாக்கல. எதிர்ல வெயிலு, அது ஒன்னு. இன்னொன்னு... அந்த ஸ்கிரீன பாத்துகினு இருந்தேன். காபி கப்பு படம் போட்டு 'ஓய்வு எடுக்கவும்'னு காட்டுச்சு. எனக்கு கோவம் பொத்துகினு வந்துச்சு. இருவத்தாறு வருசமா ஓட்றேன், எனக்கே டீ குடிக்க சொல்றியான்னு அத்த மொறச்சிகினு இருந்தேன். நான் கால வெக்கறதுக்கு முன்னாடி அது வெச்சிடுச்சு. ரெண்டு அடி தான் கேப்பு. அந்த ஆளு திரும்பி பாத்து திட்டக்கூட இல்ல. பொட்டிய கையால புடிச்சிகினு போயிட்டாரு.

...ஆமா. சொல்லல. ...எப்டி சொல்றது? உங்களாண்ட சொன்னா டிரைவருக்கு கண்ணு போச்சுன்னு நெனப்பீங்க. வூட்லயும் சொல்லல. இப்பதான் ரமாவும் கேக்குறா, தோ, கத்திய கீய வெச்சிட்டு பாத்துகினு நிக்கிறா. அன்னிக்கு எனக்கு சோறு எறங்கல அண்ணாச்சி. மறுநா காத்தால வண்டி தொடைக்கும்போது அந்த முன் கண்ணாடி கேமரா கீதுல்ல, அத்த மட்டும் ரெண்டு தபா தொடச்சேன். கோவமும் தான். கோவம் இன்னும் போவல. ஆனா அந்த பிரேக்க ஆஃப் பண்ணாதீங்க.

...தொட மாட்டீங்களா? ...சரி அண்ணாச்சி. தாங்ஸு. ...அத்த பத்தி அப்பால பேசலாம், மணி ஆவுது.

இப்ப அந்த தக்காளி நறுக்கற ஆள கூப்புடுங்க. ...கூப்புடுங்கன்றேன், என்கிட்ட போன குடுங்க. ...

அலோ, வணக்கம்ண்ணே. நான் அவங்க டிரைவரு. ...இல்ல, வண்டில இல்ல, வியாசர்பாடிலேர்ந்து பேசறேன். பேரு இன்னாண்ணே? ...கமால் பாயா. நானும் உங்க ஆளு தான் பாய், பதினஞ்சு வருசம் ட்ரெய்லரு ஓட்டிகினு இருந்தேன். ...ஆமா, அவரு அரை மணி நேரமா உங்க பின்னாடிதான் நின்னுகினு கீறாரு. ...பாத்தீங்களா? சாப்பாட்டுக்கு நிக்கிறாருன்னு நெனச்சீங்களா! ஹஹா... ரெண்டு தட்டு எடுத்து வெச்சீங்களா? அடப்பாவமே. ...இல்ல பாய், அவரு உங்க லாரி போவும்னு நின்னுகினு கீறாரு. ...ஆமா, அந்த மாரி வண்டி தான். தானா நின்னுக்கும். தானா பொயச்சிக்கத் தெரியாது.

பாய், ஒரு ஒதவி. அவங்க பொண்ணு கப்பல்ல வேல பாக்குது. ஒம்போது மாசம் கயிச்சி வந்துகீது, ஒண்ணு வரிக்கும் தான் கேட்டாண்ட நிக்கும். வண்டி வெளிய வரணும். அந்தம்மா ஓட்டுவாங்க. நீங்க ஒரு செவப்புத் துண்டு இருந்தா எடுத்துகினு, பின்னாடி நூறு அடி தள்ளிப் போயி, வர்ற ட்ரெய்லர ஒரு நிமிசம் ஸ்லோ பண்ணுங்க. ...ஒன்னு பாய், காருக்கு முன்னாடி மட்டும் நிக்காதீங்க. ஆளு நின்னா அது நகராது, புடிச்ச புடியா நிக்கும். ஓரமா நில்லுங்க. ...அடுப்ப அணைச்சிட்டு போங்க பாய், தக்காளி சோறு தீஞ்சிடப் போவுது. ...ரொம்ப சந்தோசம் பாய்.

அக்கா? ...ரைட் இண்டிகேட்டரு? ...சத்தம் கேக்குது, டிக் டிக்குன்னு. நல்லது. அண்ணாச்சி, நீங்க வாய தொறக்கக் கூடாது. அக்கா ஓட்றப்ப 'பாத்து, பாத்து'ன்னு சொன்னீங்கன்னா எறக்கி வுட்டுட்டு போவ சொல்லிடுவேன். ...

பாய் துண்ட காட்டறாரா? ...வண்டி ஸ்லோ ஆயிடுச்சா? ...நின்னுடுச்சா! அப்ப போங்க. ஃபுல்லா ஒடிங்க. மெதுவா. பிரேக்லேர்ந்து கால தூக்குனா போதும், அதுவா நகரும். ...ஆங்... ஆங்... அந்த பீப்பு முன்னாடி ட்ரெய்லரு மூலைக்கி. கேளுங்க, பயப்படாதீங்க. கண்ணால பாருங்க, இடிக்குதா? ...ஒரு முழம் கீதா? போதும், போங்க. ...வந்துடுச்சா? ...பின் சக்கரம்? ...நேரா பண்ணுங்க. அப்டியே. அப்டியே அக்கா...

...ரோட்டுக்கு வந்துட்டீங்களா! சூப்பருக்கா! பாய்க்கு ஒரு ஹாரன் அடிங்க! ...அண்ணாச்சி, நீங்க ஏன் கத்தறீங்க? ...சந்தோசத்துலயா. சரி, கத்துங்க. போன வையுங்க இப்போ. ஓட்றப்ப பேச்சு வேணாம். போயி சேந்துட்டு சொல்லுங்க. வையுங்க, வையுங்க.

செங்குட்டுவன் வெங்காயத்துக்குத் திரும்பவில்லை. ஜன்னல் ஓரம் நின்று தெருவைப் பார்த்தார். சைக்கிள்காரரைப் பற்றி ரமாபாய் ஒரு கேள்வி கேட்டாள். 'ஒரு கீறல்கூட இல்ல' என்றார்; மிச்ச வெங்காயத்தை அவளே எடுத்து உரித்தாள். பன்னிரண்டு ஆயிற்று. பத்து நிமிடம் போனது. இரண்டு முறை போனை எடுத்து, ஓட்டும்போது அடிக்கக் கூடாது என்று கீழே வைத்தார். பன்னிரண்டு இருபதுக்கு மணி அடித்தது.

அலோ, அண்ணாச்சி, இன்னா ஆச்சு, போயி... ...யாரு? ...பாப்பா! பெனிஷா பாப்பாவா! ...ஆங், செங்கு மாமா தான். நல்லா கீறேன், நல்லா கீறேன். நீ எப்டிம்மா கீற? துன்றியா ஒயுங்கா? ...கொரல் மாறிப் போச்சே. ...காத்தா. இருக்கும், இருக்கும். எத்தினி மணிக்கு வந்தாங்க? ...பன்னெண்டுக்கு அஞ்சு நிமிசம் இருக்கறப்பவா! அக்காவா ஓட்டிகினு வந்தாங்க கடசி வரிக்கும்? ...ஆங். நீ கேட்டுக்கு உள்ளாரேர்ந்து பாத்து யாரோ டிரைவருன்னு நெனச்சியா? ...ஹஹா. அய்தாங்களா? ...அப்பாவா! அண்ணாச்சியா அய்தாரு? சரி, சொல்லல, நீ சொன்னன்னு சொல்லல.

...நானா? நான் இன்னிக்கி லீவு பாப்பா. ...லீவு தான். ...யாரு சொன்னா? ...அம்மா சொல்லிட்டாங்களா. ம். அது ஒன்னும் இல்லம்மா. வண்டி தானா ஓடுது, அப்பறம் டிரைவரு எதுக்கு. ஒங்கப்பா சொன்னதுல தப்பு இல்ல. நீ அதுக்காக அவர திட்டாத. ஒரு மணி நேரத்துக்கு வந்துட்டு சண்டையா.

...ஆங்? ...உங்க கப்பலும் தானா போவுமா? மெய்யாலுமா? ...பாதைய போட்டு வுட்டா அதுவே திரும்பி திரும்பி போவுமா. அட. அப்பறம் நீ எதுக்கு பாப்பா அங்க? நாலு நாலு மணி நேரம் நின்னுகினு இன்னா பண்ற? ...கடல பாத்துகினு. ...சொம்மா பாத்துகினேவா? ...

...ம்... ...கட்டுமரமா? ...அது ரேடாருல தெரியாதா? ...மரக்கட்டைன்றதால. ம். அலை மாரியே தெரியுமா. ...நீ பாத்தியா? எப்போ? ...நேத்து விடிகாலைலயா? இங்கியே, நம்ம கடல்லயேவா? ...மூணு பேரு. வலைய இஸ்துகினு இருந்தாங்களா. ...நீ திருப்பிட்டியா கப்பல? ...நீயேவா? கையாலயா? ...

பாப்பா. ...ஒன்னும் இல்ல, பேசு. ...கத்திவாக்கத்து ஆளுங்களா இருக்கும். வூட்டுக்குப் போயி சேந்திருப்பாங்க. ...ஸ்பீக்கர்ல கீதா? அப்பா கேட்டாரா இத்த? ...கேட்டாரா. ...இல்ல, நான் ஒன்னும் சொல்லலியே. நீதான சொன்ன.

...குடு. ...

அண்ணாச்சி? ...அலோ? ...ஆங், சொல்லுங்க.

...சாப்ட்டேனாவா? இன்னும் இல்ல. வெங்காயம் தான் ஆவுது. ...நீங்க? ...அக்கா கொண்டாந்தாங்களா. ...மீன் கொழம்பா! ஹஹா... பாப்பாவுக்குப் புடிக்குமே. நல்லா துன்ன சொல்லுங்க.

...ஆங். ...ம். ...எர்ணாவூரு விசயமா? ...இல்ல அண்ணாச்சி, நான்தான் அன்னிக்கே சொல்லிகினு இருக்கணும். ...நீங்களும் போட்டோ பாத்துகினு தான... சரி. சரி, ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு. ...

...திங்கக்கெழமலேர்ந்து வேலைக்கு வரணுமா? ...எத்தினி மணிக்கு? ...ஏழு மணி. ம். ...ரமா, ஜாட காட்டாத, காது கேக்குது எனக்கு. ...வரேன் அண்ணாச்சி. வரேன். ஆனா ஒரு பேச்சு. போவும்போது நான் ஓட்றேன், வரும்போது நீங்க ஓட்டணும். நான் பக்கத்துல குந்திகினு வரேன். தெனம். நடுக்கம் போற வரிக்கும். ...அக்காவா? அவங்களுக்கு ஞாயித்துக்கெழம, கோயிலுக்கு. அது அவங்க முறை. நீங்க பின்னாடி குந்திக்கோங்க. ...சிரிக்கிறாங்களா? சிரிக்கட்டும்.

...அதெல்லாம் அப்பால பேசலாம் அண்ணாச்சி. மணி பாருங்க. பன்னெண்டு முப்பத்திரண்டு. ஒம்போது மாசம் கயிச்சி வந்த பொண்ண எதுர்ல வெச்சிகினு என்கூட இன்னா பேச்சு? இன்னும் அரை மணி நேரம் கூட இல்ல. ...ம். ...ம், சரி. ...அண்ணாச்சி, வையுங்க. ...வையுங்கன்றேன்ல. போயி பாப்பா பக்கத்துல குந்துங்க. ...நீங்க வெக்க மாட்டீங்க. சரி, நானே வெக்கிறேன்.